வேலைக்குப் போகிறவர்களுக்கான நனிசைவச் சமையல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பால், தயிர், நெய், முட்டை, தேன் என விலங்குகளிடமிருந்து வரும் எதையும் சேர்க்காமல் சமைத்துச் சாப்பிடத் தொடங்கி எனக்கு ஏழு ஆண்டுகள் ஆகின்றன. அலுவலகத்தில் மதிய உணவுப் பாத்திரத்தைத் திறக்கும்போதும் உறவினர் வீட்டு விசேஷங்களிலும் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் என்னிடம் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்து, நான் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதையும் படித்துச் சரிபார்த்ததையும் கொண்டு விடை எழுதியிருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன. உடல்நலம் தொடர்பான சிக்கலான கேள்விகள் பின்னால் உள்ளன.

நாங்களும் சைவம்தான். அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

தமிழ்நாட்டில் சைவச் சாப்பாடு என்றால் இறைச்சி, மீன், முட்டை இல்லாத சாப்பாடு என்று பொருள். பாலும் தயிரும் நெய்யும் அதில் தாராளமாக உண்டு. அவற்றையும் விலக்குவதுதான் வீகன் முறை. 1944-இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவருடைய நண்பர்களும் வீகன் சொசைட்டியைத் தொடங்கியபோது இந்தச் சொல் பிறந்தது. தமிழில் இதை ‘நனிசைவம்’ என்கிறார்கள். ‘நனி’ என்றால் ‘மிக’ என்று பொருள். சொல் பொருத்தமாக இருப்பதால் நானும் அதையே பயன்படுத்துகிறேன்.

பாலும் தயிரும் போயிட்டா நம்ம சமையல்ல என்னதான் மிஞ்சும்?

ஏறத்தாழ எல்லாமே மிஞ்சும். இட்லி, தோசை, இடியாப்பம், ஆப்பம், புட்டு, அடை, சாம்பார், வற்றல் குழம்பு, பருப்புக் கடைசல், கூட்டு, பொரியல், துவையல், சுண்டல், புளியோதரை, எலுமிச்சை சாதம் ஆகியவற்றில் பாலின் வேலை எதுவுமே இல்லை. ரசத்தை நெய்யில் தாளிப்பவர்கள் எண்ணெயில் தாளித்தால் போதும். வெண்பொங்கலுக்கு நெய்க்குப் பதில் நல்லெண்ணெய் ஊற்றி, மிளகையும் சீரகத்தையும் சற்றுக் கூடுதலாகச் சேர்த்தால் நன்றாகவே இருக்கும், ஆனால் அது வேறு ஒரு பொங்கல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

உண்மையில் இழப்பு என்று சொல்லத்தக்கவை தயிர் சாதம், மோர்க்குழம்பு, பால் காபி, நெய்யில் செய்யும் இனிப்புகள் ஆகியவைதான். தயிருக்கும் காபிக்கும் கீழே வழி சொல்லியிருக்கிறேன்.

காலையில ஏழு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பணும். இதையெல்லாம் எப்போ செய்யறது?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். நேரமில்லாதவர்கள் பெரும்பாலும் சீக்கிரம் வேகும் பண்டத்தைத் தேடுகிறார்கள். ஆனால் பயறும் கடலையும் நம் கையைப் பிடித்து வைத்திருப்பதில்லை. ஊறுவதற்குத்தான் அவற்றுக்கு நேரம் வேண்டும், அந்த நேரத்தில் நாம் உறங்கிக்கொண்டிருக்கிறோம். இரவு படுக்கப் போகுமுன் ஒரு கைப்பிடி கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ கழுவித் தண்ணீரில் போடுவதற்கு ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தை மறந்தால் மறுநாள் சாப்பாட்டில் பயறு கிடையாது. ஆகவே பல் துலக்குவதுபோல் இதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமையில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்க முடிந்தால் வாரம் எளிதாகும். இட்லி அரிசி நான்கு பங்கு, உளுந்து ஒரு பங்கு என்ற கணக்கில் மாவு அரைத்துப் புளித்ததும் குளிர்பெட்டியில் வைத்தால், முதல் இரண்டு நாள் இட்லி, அடுத்த இரண்டு நாள் தோசை அல்லது வெங்காயம் போட்ட பணியாரம் என்று நான்கு நாள் போகும். அதே நேரத்தில் பருப்புப் பொடி, எள்ளுப் பொடி இரண்டையும் வறுத்து அரைத்துக்கொள்ளலாம். ஒரு கிண்ணம் புளிக்காய்ச்சல் செய்து வைத்தால், வீட்டுக்கு மிகவும் தாமதமாக வந்த இரவுகளில் அதன் அருமை தெரியும். ஊறிய பச்சைப்பயறைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் திங்கள் காலைக்குள் முளை எட்டிப் பார்க்கும்.

வேலை நாளில் ஒரே குக்கரில் அடித்தட்டில் ஊறிய கடலை, மேல்தட்டில் அரிசி என்று அடுக்கி வைத்தால் ஐந்தாறு விசிலில் இரண்டும் தயாராகிவிடும். இந்த முறையில் சோறு சற்றுக் குழையும். கலந்த சாதம் வேண்டுமானால் அரிசியைத் தனியாக வேகவைப்பது நல்லது. விசில் அடங்குவதற்குள் ஒரு காயை நறுக்கித் தாளித்துவிடலாம். எனக்கு இதற்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆவதில்லை.

பத்து நிமிஷத்துல ஆகிற காலைச் சாப்பாடு சொல்லுங்க. ஓட்ஸ் வேண்டாம்.

அவல்தான் என் முதல் பரிந்துரை. கெட்டி அவலைக் கழுவி நீரை வடித்து வைத்துவிட்டு, கடுகு, கடலைப்பருப்பு, நிலக்கடலை, வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை ஆகியவற்றைத் தாளித்து மஞ்சள்தூள் சேர்ப்பதற்குள் அவல் மென்மையாகியிருக்கும். இரண்டையும் கலந்து, இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிய வேண்டும். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் சில நேரம் கசப்புத் தட்டும். நிலக்கடலையைத் தாராளமாகப் போடுங்கள், ஏனெனில் வெறும் அவல் பதினொரு மணிக்கே பசியைக் கிளப்பிவிடும்.

இரவே இரண்டு கரண்டி கேழ்வரகு மாவைக் கட்டியில்லாமல் கரைத்து வைத்தால் காலையில் கூழ் காய்ச்சப் பத்து நிமிடம் போதும். மோருக்குப் பதில் ஆறிய கூழில் எலுமிச்சைச் சாறும் உப்பும் சின்ன வெங்காயமும் சேர்க்கிறேன். இனிப்பாக வேண்டும் என்பவர்கள் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்க்கலாம். அடை மாவும் புளிக்க வேண்டியதில்லை என்பதால் முந்தின இரவு அரைத்து வைத்தால் காலையில் நேரடியாகக் கல்லில் ஊற்றலாம். அரிசியோடு மூன்று நான்கு பருப்புகள் சேர்வதால் மற்ற பலகாரங்களைவிட அடைக்கே நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன்.

புரதம் பத்துமா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் பெரியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதத்தைப் பரிந்துரைக்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 50 கிராம். சமைக்காத எடையில் 200 கிராம் அரிசியிலிருந்து சுமார் 15 கிராம், 50 கிராம் துவரம்பருப்பிலிருந்து 11 கிராம், 50 கிராம் கொண்டைக்கடலையிலிருந்து 10 கிராம், 30 கிராம் நிலக்கடலையிலிருந்து 7 கிராம், 20 கிராம் மீல்மேக்கரிலிருந்து 10 கிராம் என்று கூட்டினால் 53 கிராம் வருகிறது. அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் பருப்பில் நிறைய உண்டு. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் கிடைக்கிறது. இரண்டையும் ஒரே வேளையில் சாப்பிட வேண்டிய கட்டாயமில்லை, ஒரே நாளில் இரண்டும் இடம்பெற்றால் போதும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை உண்டு. ‘தினமும் சாம்பார் சாப்பிடுகிறேனே’ என்று பலரும் நிம்மதியாக இருக்கிறார்கள். தண்ணீராக வைக்கும் சாம்பாரில் ஒரு கரண்டிக்கு உள்ள பருப்பு மிகச் சிறிது. மூன்று வேளையும் அரிசியும் மெல்லிய குழம்புமாகச் சாப்பிட்டால் மேலே சொன்ன கணக்கு நிறைவேறாது. பருப்பைக் கெட்டியாகக் கடையுங்கள்; கூட்டில் கூடுதலாகப் போடுங்கள்; மாலையில் பிஸ்கெட்டுக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிடுங்கள். மீல்மேக்கரை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து மிளகுப் பொரியலாகச் செய்தால் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

தயிர் இல்லாம எனக்குச் சாப்பாடே முடியாது. என்ன பண்றது?

எனக்கும் இதுவே கடினமாக இருந்தது. நிலக்கடலைத் தயிரைக் கண்டடையும் வரை பல மாதங்கள் ஏங்கியிருக்கிறேன். ஒரு குவளை பச்சை நிலக்கடலையை இரவு ஊறவைத்துத் தோலை நீக்கி, மூன்று குவளை தண்ணீர் விட்டு மிக நைசாக அரைத்து வடிகட்ட வேண்டும். அந்தப் பாலைக் கைவிடாமல் கிளறிக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், கழுவிய பச்சைமிளகாய்க் காம்புகள் ஏழெட்டைப் போட்டு மூடி வைத்தால் எட்டு முதல் பத்து மணி நேரத்தில் உறையும். முதல் முறை உறைவது சற்று நெகிழ்வாகவும் கடலை வாசனையோடும் இருக்கும். அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அடுத்த பாலை உறைய வைத்தால் கெட்டித்தன்மையும் புளிப்பும் கூடும், மூன்றாம் முறைக்குள் நமக்குப் பிடித்த பதம் கிடைத்துவிடும். நிறம் மாறியோ வேறு வாசனையோடோ உறைந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

பசுந்தயிரின் சுவை இதில் அப்படியே வராது. ஆனால் குழைந்த சோற்றில் பிசைந்து, இஞ்சியும் பச்சைமிளகாயும் கடுகும் தாளித்துக் கொட்டி, மாவடுவோடு சாப்பிடும்போது மனம் நிறைகிறது. இது வேலை நாளில் செய்யக்கூடியது அல்ல என்பதால், மேலே சொன்ன ஞாயிற்றுக்கிழமை வேலையோடு சேர்த்துக்கொள்வது நல்லது.

காபி, டீக்கு?

சோயாப் பாலைச் சூடான டிகாக்ஷனில் ஊற்றினால் திரிந்துபோவதுண்டு. டிகாக்ஷனைச் சற்று ஆறவிட்டு, பாலைத் தனியே சூடாக்கிச் சேர்த்தால் பெரும்பாலும் திரியாது. ஓட்ஸ் பால் அவ்வளவு தொல்லை தருவதில்லை. நானோ சுக்கு மல்லிக் காபிக்கு மாறிவிட்டேன்.

எந்தக் காபி, தேநீரானாலும் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காதீர்கள். அவற்றில் உள்ள டானின் போன்ற பொருள்கள், கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைக் குறைக்கின்றன. ஒரு மணி நேர இடைவெளி வேண்டும். வைட்டமின் சி இதற்கு நேர்மாறாக உதவுகிறது. சுண்டலில் எலுமிச்சை பிழிவதும் சாப்பாட்டோடு நெல்லிக்காய் கடிப்பதும் இரும்புச்சத்துக்கு நல்ல துணை.

பால் குடிக்கலைன்னா கால்சியத்துக்கு என்ன செய்யறது?

பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் பரிந்துரைக்கப்படுகிறது. அரிசியையும் கோதுமையையும் மட்டும் நம்பினால் இதை எட்ட முடியாது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. எள், முருங்கைக்கீரை, அகத்திக்கீரை ஆகியவற்றிலும் நிறைய உண்டு. பாலக் கீரையில் கால்சியம் இருந்தாலும் அதே கீரையில் உள்ள ஆக்சலேட் என்னும் பொருள் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் உடலுக்கு மிகக் குறைவாகவே சேர்கிறது. எனவே வாரத்தில் சில நாளாவது கேழ்வரகுக் கூழோ தோசையோ, நாள்தோறும் ஒரு கரண்டி எள்ளுப் பொடியோ எள் துவையலோ, இரண்டு மூன்று முறை முருங்கைக்கீரையோ சேர்த்துக்கொள்ளச் சொல்கிறேன்.

‘முருங்கைக்கீரையை யார் உட்கார்ந்து ஆய்வது?’ என்பது உடனே எழும் அடுத்த கேள்வி. வாங்கிய கீரையை ஈரமில்லாமல் ஒரு துணியில் சுற்றி இரவு முழுவதும் வைத்திருங்கள். காலையில் உதறினால் இலைகள் பெரும்பாலும் தாமாகவே உதிர்ந்துவிடும். அதை அப்படியே அடை மாவில் கலந்து ஊற்றலாம்.

பி12 மாத்திரை கட்டாயமா? இட்லி மாவு புளிக்கும்போதே அது வந்துடும்னு சொல்றாங்களே?

கட்டாயம். வைட்டமின் பி12-ஐ உருவாக்குபவை நுண்ணுயிரிகள். ஆனால் இட்லி மாவிலோ பழைய சோற்றிலோ உடலுக்குத் தேவையான அளவில் அது நம்பகமாகக் கிடைப்பதில்லை. சுருள்பாசியில் (ஸ்பைருலினா) இருப்பதாகச் சொல்லப்படுவதும் பெரும்பாலும் நம் உடல் பயன்படுத்த முடியாத போலி வடிவம். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் பால் பொருள்களை நிறுத்திய பிறகு ஓரிரு ஆண்டுகள் எந்தக் குறையும் தெரியாமல் போகலாம். அதற்குப் பின் களைப்பு, கை கால் மரத்துப்போதல், மறதி என்று தொடங்கும் பாதிப்பு, நீண்ட நாள் கவனிக்காமல் விட்டால் நரம்புகளில் நிரந்தரமாகத் தங்கிவிடக்கூடும். பருப்பிலும் கீரையிலும் ஃபோலேட் என்னும் இன்னொரு பி வைட்டமின் நிறைய இருப்பதால் பி12 குறைவினால் வரும் இரத்தசோகை மறைந்து நிற்பதும் உண்டு. அந்த நிலையில் இரத்தசோகை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் குறையைக் கண்டுபிடிக்க முடியாது.

மருத்துவரிடம் கேட்டு அளவைத் தெரிந்துகொண்டு மாத்திரையைத் தவறாமல் எடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இரத்தத்தில் பி12 அளவைச் சோதியுங்கள். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நெடுநாள் எடுப்பவர்களுக்கும் பி12 உட்கிரகிப்பு குறையக்கூடும் என்பதால் அவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த சிலர் மாத்திரை எடுப்பது இயற்கைக்கு மாறானது என்று மறுத்தார்கள். பாதம் எரிச்சல் வந்த பிறகே மனம் மாறினார்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஹாஸ்டல்ல இருக்கேன். கெட்டில் ஒண்ணுதான் இருக்கு.

அவல், பொட்டுக்கடலை, நிலக்கடலை, வெல்லம், வாழைப்பழம் ஆகிய ஐந்தும் அறையில் இருந்தால் எந்தக் காலையும் பட்டினியாகப் போகாது. மெல்லிய அவலில் வெந்நீர் தெளித்து வெல்லமும் வாழைப்பழமும் பிசையலாம். வீட்டிலிருந்து பருப்புப் பொடியும் எள்ளுப் பொடியும் நல்லெண்ணெயும் கொண்டுவந்தால், உணவுக்கூடத்தில் கிடைக்கும் வெறும் சோறு சாப்பாடாகிவிடும். பச்சைப்பயறை அறையிலேயே முளைகட்டலாம். அதைப் பச்சையாக உண்ணாமல், ஒரு டப்பாவில் போட்டுக் கொதிநீரை ஊற்றி மூடி, சற்று நேரம் கழித்து அந்த நீரை வடித்துவிட்டு இன்னொரு முறை கொதிநீர் ஊற்றினால் ஓரளவு வேகும்.

ஓட்டல்ல சாப்பிடும்போது என்னத்தைக் கவனிக்கணும்?

‘வீகன்’ என்று சொல்லிக் கேட்டால் பல இடங்களில் புரியாது. ‘பால், தயிர், நெய், வெண்ணெய் எதுவும் சேர்க்காமல் வேண்டும்’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பொங்கல், கேசரி, பொடி தோசை ஆகியவற்றில் நெய் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். ரவா தோசை மாவில் சிலர் மோர் சேர்க்கிறார்கள், பரோட்டா மாவில் பாலோ முட்டையோ கலப்பதுண்டு, குருமாவில் தயிரோ கிரீமோ இருக்கலாம். இட்லி, சாதாரணத் தோசை, இடியாப்பம், பூரி ஆகியவற்றில் இந்தக் கவலை குறைவு. ஆனாலும் பரிமாறும்போது மேலே நெய் விடுவார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

பாக்கெட்ல பச்சைப் புள்ளி இருந்தாப் போதாதா?

போதாது. பால் கலந்த பண்டத்துக்கும் பச்சைப் புள்ளிதான். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2022-ஆம் ஆண்டு விதிகள் நனிசைவப் பண்டங்களுக்கென்று தனிச் சின்னம் வகுத்துள்ளன. அந்தச் சின்னம் இல்லாத பாக்கெட்டில், ஒவ்வாமை குறித்த வரியில் பால் என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மில்க் சாலிட்ஸ், வே, கேசீன் ஆகியவையும் பாலின் பகுதிகளே. பால் இல்லாதது என்று பொருள்படும் பெயரோடு விற்கும் காபிப் பொடிக் கலவைகளிலும் கேசீன் இருக்கலாம்.

மாத்திரைகளையும் இதே கண்ணோடு பாருங்கள். கேப்சூல் உறை பல நேரம் ஜெலட்டினால் ஆனது, அது விலங்கின் எலும்பிலும் தோலிலும் இருந்து வருவது. வைட்டமின் டி3 பெரும்பாலும் செம்மறியாட்டுக் கம்பளிக் கொழுப்பிலிருந்து தயாராகிறது. கற்பாசியிலிருந்து எடுத்த டி3-யும், டி2-வும் நனிசைவர்களுக்கு ஏற்றவை. மருத்துவர் எழுதிய மருந்துக்கு மாற்று இல்லையென்றால் அந்த மருந்தையே எடுங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

சோயா சாப்பிட்டா தைராய்டு வரும்ங்கறாங்களே?

உணவில் போதிய அயோடின் கிடைக்கும் நலமான மனிதருக்குச் சோயாவால் தைராய்டு நோய் வருவதாகச் சான்று இல்லை. ஏற்கெனவே தைராக்சின் மாத்திரை எடுப்பவர்களுக்கு மட்டும் சோயா அந்த மருந்தின் உட்கிரகிப்பைக் குறைக்கலாம். எனவே இரண்டுக்கும் சில மணி நேர இடைவெளி விட்டு, மருத்துவரிடமும் சொல்லி வையுங்கள்.

கவலைப்பட வேண்டியது அயோடினைப் பற்றித்தான். பாலும் மீனும் இல்லாதவர்களுக்கு அயோடின் கலந்த சமையல் உப்பே முக்கிய வழி. ஆரோக்கியம் என்று நினைத்து முழுக்க இந்துப்புக்கு மாறுபவர்கள் அந்த வழியையும் அடைத்துவிடுகிறார்கள்.

சமைச்சு வாரம் முழுக்க வச்சுக்கலாமா?

பொடிகளும் புளிக்காய்ச்சலும் மாவும் தாராளமாக இருக்கலாம். வேகவைத்த கடலையைச் சிறு டப்பாக்களில் உறைநிலையில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் தாங்கும். வேகவைத்த சோற்றில்தான் எச்சரிக்கை வேண்டும். அரிசியோடு வரும் சில பாக்டீரியாக்களின் வித்துகள் வெந்த பிறகும் உயிரோடிருந்து, அறைச் சூட்டில் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. மிஞ்சிய சோற்றைத் தட்டில் பரப்பி விரைவாக ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்து மறுநாளே தீர்த்துவிடுங்கள். தேங்காய்ச் சட்னியை அன்றன்றைக்கே அரைப்பது மேல்.

குழந்தைக்கும் இதையே குடுக்கலாமா?

உங்கள் அனுபவத்தையோ என் அனுபவத்தையோ நம்பிக் கொடுக்காதீர்கள். வளரும் குழந்தைக்கும் கருவுற்றவருக்கும் பாலூட்டுபவருக்கும் பி12, அயோடின், இரும்பு, கால்சியம் எல்லாமே கணக்காகத் தேவை. திட்டமிட்ட நனிசைவ உணவில் குழந்தைகளும் நன்றாக வளர முடியும். ஆனால் அந்தத் திட்டத்தை மருத்துவரும் உணவியல் வல்லுநரும் உங்களோடு உட்கார்ந்து போட வேண்டும்.

வீட்டுல மத்தவங்க எல்லாரும் தயிர், நெய் சாப்பிடுறவங்க. எனக்குன்னு தனியாச் சமைக்கணுமா?

தனிச் சமையல் தொடங்கிய வீடுகளில் இந்தப் பழக்கம் நீடிக்காமல் போனதைப் பார்த்திருக்கிறேன், ஏனெனில் ஏற்கெனவே களைத்தவர் இரட்டை வேலை செய்ய முடியாது. எல்லாவற்றையும் எண்ணெயில் தாளித்து, உங்கள் பங்கை எடுத்து வைத்த பிறகு மற்றவர்கள் விரும்பும் நெய்யைச் சேர்க்கும்படி வரிசையை மாற்றிக்கொண்டாலே பெரும்பாலான நாள்கள் ஓடிவிடும். என் மாமியார் வைக்கும் அவியலுக்காக இரண்டு ஆண்டு சமாதானம் பேசினேன். பின்னர் தயிருக்குப் பதில் மாங்காயோ புளியோ சேர்க்கும் நாஞ்சில் நாட்டு வழக்கம் அவருக்கே நினைவுக்கு வந்தது. இப்போது மாங்காய் கிடைக்கும் மாதங்களில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அதே அவியல்தான்.